பக்காரியின் கொப்பியில் என் பெயர்

போன மாதம் உங்கள் இருவரையும் ஒரு செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சென் தெனிப் புறநகரில், ஆபிரிக்கத் தொழிலாளர்கள் தங்கும் விடுதியின் முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். சின்னவன் என் கையைப் பிடித்து, "பப்பா, அவர் உங்களுக்கு ஆர்?" என்று பிரெஞ்சில் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன். வீடு வந்து சேரும்வரை சொல்லவில்லை.

பெரியவளுக்கு இன்னொரு பதிலும் பாக்கி. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற தலைவர் ஒருவரைப் பற்றி அவள் வகுப்பில் பேசினாள். படம் ஒட்டிய மட்டை இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. "இப்படி ஒராளை நீங்கள் நேரிலை கண்டிருக்கிறீங்களா?" என்று அன்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய். அந்தச் செத்தவீடு பக்காரியுடையது. அவரோடு நான் ஆறு வருடம் கோப்பை கழுவினேன்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய சொற்கள் எனக்கு வராது. இந்தக் கோடையோடு வேலையும் முடிந்துவிட்டது, இனி என்னை வேலையால் நிற்பாட்ட ஒருவருமில்லை. அதனால் எழுதலாம். பக்காரியும் நானும் உடைந்த பிரெஞ்சில்தான் பேசினோம். தமிழில் எழுதும்போது அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் எனக்கு வருகிறது.

இந்த நாட்டில் நான் அகதி விசா கேட்டேன், மறுத்தார்கள். திரும்பக் கேட்டேன், திரும்ப மறுத்தார்கள். விசா இல்லாதவனுக்கு வேலை இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். விசா உள்ள சொந்தக்காரரின் படம் ஒட்டிய விசா அட்டையை, 'காட்' என்போம், வாங்கி, அவருடைய பெயரில் வேலைக்குப் போவது. படத்தில் இருப்பவரின் சாடை கொஞ்சம் இருந்தால் போதும். என் மச்சான் சிவநேசன், உங்கள் நேசன் மாமா, தன் காட்டை எனக்குத் தந்தார். அவர் லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் கடை வைத்திருந்ததால் வேறு வேலைக்கு அவருக்கு அது தேவைப்படவில்லை.

கோப்பை கழுவ எனக்கு ஒருவரும் பழக்கவில்லை. பழக்கியது பெயரைத்தான். மச்சான் தன் வீட்டில் என்னைச் சுவரைப் பார்க்க இருத்திவிட்டுப் பின்னால் நின்று கூப்பிடுவார். "சிவநேசன்!" என்றால் உடனே திரும்பவேண்டும். "தருமலிங்கம்!" என்றால் அசையக்கூடாது. முதலாவது இரண்டு நாளில் வந்துவிட்டது. இரண்டாவதற்கு ஒரு மாதம் எடுத்தது. பெற்ற தாய் தகப்பன் வைத்த பெயர் காதில் விழுந்தும் கழுத்தைத் திருப்பாமல் இருக்கப் பழகினேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போனேன். பத்து வருடம் நான் சிவநேசன்.

உணவகம் சென் தெனியில், பெரிய அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில். மத்தியானம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் சாப்பிட வரும் கூட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றும். கோப்பை கழுவுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கண்ணாடிக் கிளாஸ்கள். எண்ணெய் படாத தண்ணீரில் அவை போகவேண்டும். கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டிகளைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுத் தட்டுகளை எடுக்கவேண்டும். மிச்சத்தை வழித்து, தண்ணீரை அடித்து, கூடைகளில் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி இயந்திரத்துக்குள் தள்ளவேண்டும். சட்டிகள் கடைசி. இயந்திரம் திறக்கும்போது வரும் ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஆவிக்குள் நிற்கும்போது மட்டும் எனக்குப் பயம் இல்லை. ஒருவருக்கும் என் முகம் தெரியாது.

மற்ற எல்லா இடத்திலும் பயம். லா சப்பல் மெத்ரோப் படிக்கட்டின் அடியில் பொலிஸின் நீல உடுப்புத் தெரிந்தால், ஏதோ மறந்தவன்போலத் திரும்பி பக்கத்து நிலையமான மார்க்ஸ் டோர்மோய் வரை நடப்பேன். தெருவில் யாராவது ஊர்க்காரர் "தருமு!" என்று கத்திவிடுவாரோ என்று சனிக்கிழமைகளில் கடைப் பக்கமே போகமாட்டேன்.

எங்கள் இயக்குநர் மெசியு பெர்னார் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அதுதான் அவரிடம் பயம். கிளாஸ் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மெல்லச் சுற்றிப் பார்ப்பார். கறை இருந்தால் ஒன்றும் சொல்லாமல் உங்களுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவார். யாரையாவது வேலையால் நிற்பாட்டுவதானால் தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் கையாலேயே ஒரு கஃபே ஊற்றிக் கொடுப்பார். குடித்து முடியும்வரை பிள்ளைகளைப் பற்றி, ஊரைப் பற்றி விசாரிப்பார். கோப்பை காலியானதும் கடிதத்தை நீட்டுவார். அவர் "கஃபே குடிக்கிறீரா?" என்று கேட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

பக்காரி மாலி நாட்டவர். என்னைவிட ஆறு வயது இளையவர். நெடுவல். இயந்திரத்தின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவரும் ஒன்றுவிட்ட அண்ணனின் காட்டில்தான் வேலை செய்தார் என்று எனக்கு நாலு வருடம் தெரியாது. கறுப்பின மக்களை எங்கள் ஆட்கள் ஒரு சொல்லால் சொல்வார்கள். அந்தச் சொல்லை உங்களுக்கு எழுதமாட்டேன், ஆனால் நானும் சொன்னவன்தான். "அவங்களோடை சேந்து நடவாதை, பொலிஸ் முதல் மறிக்கிறது அவங்களைத்தான்," என்று மச்சான் சொல்லிவைத்திருந்தார். வேலை முடிந்தால் பக்காரி வலப்பக்க நடைபாதையில் போவார், நான் இடப்பக்கத்துக்கு மாறிவிடுவேன். அவருக்கு அது விளங்கியது. தெருவுக்குக் குறுக்கே நின்று, "சிவா, அங்காலை வெயில் கூடவோ?" என்று கத்திச் சிரிப்பார்.

பிறகு அந்தக் கிழமை வந்தது. எல்லா வேலையாட்களின் காட்டுகளையும் சரிபார்க்கப் போகிறார்கள் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். அடுத்தநாளே சட்டி கழுவும் ஒருவரை மெசியு பெர்னார் கஃபே குடிக்கக் கூப்பிட்டார். அதற்கு அடுத்தநாள் இன்னொருவரை. அன்று காலை எல்லாரும் உடுப்பு மாற்றும் அறையில் இருந்தோம். பக்காரி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"அப்ப என்ன, எல்லாரும் கஃபேக்கு வரிசையிலை நிக்கப்போறமோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"எனக்குக் கஃபே பிடிக்காது," என்றார். "நான் இண்டைக்கு இந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன்."

அப்படித்தான் தொடங்கியது. மத்தியானம் கூட்டம் வந்தபோது தட்டு இல்லை, கிளாஸ் இல்லை. நாங்கள் பன்னிரண்டு பேர் சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகளில் இருந்தோம். பதினொருவர் ஆபிரிக்கர், ஒருவன் நான். ஏன் இருந்தேன் என்று கேட்டால், எழும்பிப் போகவும் பயம். தொழிற்சங்கத்தார் கொடிகளோடு வந்தார்கள். தெருவின் அந்தப் பக்கம் பொலிஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. பத்து நாளும் அது அங்கேயே நின்றது. நான் பத்து நாளும் அதற்கு முதுகு காட்டியே இருந்தேன்.

பக்காரி கேட்டது இதுதான். நாங்கள் வேறு பெயர்களில் வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறோம். சம்பளத் துண்டுகள் எல்லாம் அந்தப் பெயர்களில். ஆகவே இயக்குநர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் தரவேண்டும்: இந்தப் பெயரில் எங்களிடம் வேலை செய்தவர் உண்மையில் இன்னார்தான், இரண்டும் ஒரே ஆள். அதைக் கொங்கோர்தான்ஸ் கடிதம் என்பார்கள். அது இருந்தால் தொழிற்சங்கம் எங்கள் எல்லாரையும் ஒரே பட்டியலாக, விசா கொடுக்கும் அரச அலுவலகமான பிரெவெக்தூருக்குக் கொண்டுபோகும். விசா கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் எங்கள் உண்மையான பெயர்களும் விலாசங்களும் அரசாங்கத்தின் கையில் இருக்கும்.

மூன்றாம் நாள் சாமான் அறையில் உருளைக்கிழங்கு மூட்டையில் இருந்துகொண்டு அவர் பெயர் எழுதினார். பிள்ளைகள் எழுதும் கட்டக் கொப்பி. விடுதியில் மாலை வகுப்புக்குப் போய், முப்பது வயதுக்கு மேல்தான் எழுதப் பழகியவர். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். உண்மைப் பெயரைக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதி, திருப்பி வாசித்துக் காட்டுவார். பிறகு கொப்பியை நீட்டி, "கையெழுத்து வை. இது இனிப் பொய்யில்லை," என்பார்.

என் முறை வந்தது.

"சொல்லு, சிவா. உன்ரை பேர் என்ன?"

வாய் திறந்தது. "சிவநேசன்," என்றேன்.

அவர் பேனையை நிறுத்தினார். "சொந்தக் காட்டோ? அப்ப நீ ஏன் எங்களோடை இருக்கிறாய்?"

"உங்களுக்கு உதவி," என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் எழும்பி என் தோளைக் கட்டிக்கொண்டார். வெளியே வந்து எல்லாருக்கும் சொன்னார், இந்தத் தமிழன் விசா இருந்தும் எங்களுக்காக இருக்கிறான் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைப்போல ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. பட்டியல் போனால் நான் அதில் இல்லை. காட்டைச் சரிபார்த்தால் நானும் பிடிபடுவேன், மச்சானும் பிடிபடுவார்.

ஏழு நாள் சொல்லாமல் இருந்தேன். பத்தாம் நாள் மெசியு பெர்னார் கடிதங்களில் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். தன் அறையில், ஒவ்வொருவராக. பக்காரி பக்கத்தில் நின்றார். மெசியு பெர்னார் பேனை மூடியைக் கழற்றி, கடவுச்சீட்டுப் பிரதியைப் பார்த்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஆளைப் பார்த்து, "உமது பெயர்?" என்று மெதுவாகக் கேட்பார். ஆள் சொல்லவேண்டும். பிறகு கையெழுத்து. பக்காரிக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் அப்படியே நடந்தது. கடைசியில் நான் மட்டும் வாசலில் நின்றேன். எனக்குக் கடிதம் இல்லை. போயிருக்கலாம். கால் போகவில்லை.

"இவருக்கு என்ன?" என்று மெசியு பெர்னார் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சிவநேசன், நீர் நல்லாய்க் களைத்துப்போனீர். ஒரு கஃபே குடிக்கிறீரா?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பக்காரி என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மன்னிக்கவேணும், மெசியு," என்றார். "பிழை என்ரை. இவர் சொன்னதை நான் பிழையாய் எழுதிப்போட்டன். நான் பள்ளிக்கூடம் போகாத ஆள், உங்களுக்குத் தெரியும்தானே. இவருக்கும் ஒரு கடிதம் வேணும்."

"எந்தப் பெயருக்கு?"

பக்காரி என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டும். சொல்ல முடியவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் மச்சானின் பெயரும் அந்தக் கடிதத்தில் ஏறும் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பட்டியல் போகிறது," என்றார் மெசியு பெர்னார். "ஒன்பதுக்கு நான் இங்கே இருப்பேன்." பேனையை மூடினார்.

வெளியே வந்ததும் பக்காரி என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏழு நாள்! உனக்கு விசரோ? என்னட்டைச் சொல்லவுமோ பயம்?"

"மச்சான்ரை காட்..." என்றேன். "அவருக்கு ஒண்டும் வராதெண்டு சொல்லு. நான் பேரைச் சொல்லுறன்."

அவர் பிடியை விட்டார். "அப்பிடி நான் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது. போய் அவரைக் கேள்."

அன்று பின்னேரம் மார்க்ஸ் டோர்மோயில் மச்சானின் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடியும்வரை கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"அவன்ரை பேச்சைக் கேட்டு என்ரை பேரைக் குடுக்கப்போறியோ? காட்டைப் பறிச்சாங்களெண்டால் கடை? பிள்ளையள்? என்னடா நினைச்சுக்கொண்டு வந்தனி?"

"மச்சான், சரிபார்த்தா எப்பிடியும்..."

"கதையாதை!"

அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பத்து வரியமாய் அவர் உங்கடை பேரிலை மூச்சு விடுறார்," என்றார். "இனியாவது தன்ரை பேரிலை விடட்டும். இன்னும் எத்தினை நாளைக்குத்தான் பெல் அடிக்கேக்கை நான் நெஞ்சைப் பிடிக்கிறது?"

மச்சான் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். கை கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போய்ச் சொல்லு. சொன்னாப்பிறகு இந்த வீட்டுப்பக்கம் வராதை."

பிறகு அவருக்குப் பிரெவெக்தூரில் இருந்து ஒரு கடிதம் வந்ததும், போய்ப் பதில் சொன்னதும், காட்டோடு திரும்பி வந்ததும் உண்மை. ஆனால் மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. எங்கள் கலியாணத்துக்கும் வரவில்லை. நேசன் மாமா ஏன் கலியாணப் படங்களில் இல்லை என்று கேட்பீர்கள். இதுதான் காரணம்.

காலை ஒன்பது மணிக்கு மெசியு பெர்னாரின் மேசைக்கு முன்னால் நின்று, "தருமலிங்கம்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. அவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை பார்த்திருந்து, "பத்து வருடம். கிளாஸ்கள் எப்போதும் சுத்தம்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பக்காரி கொப்பியில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினார். தன் பெயரை அதற்கும் கீழே, கடைசியில் எழுதினார்.

பிரெவெக்தூரில் இருந்து பதினொரு பேருக்கு அழைப்பு வந்தது. பக்காரிக்கு வரவில்லை. நாட்டை விட்டுப் போகச் சொல்லிப் பழைய கட்டளை ஒன்று அவர் மேல் இருந்தது. அது தடுக்கும் என்று அவருக்கு முதலே தெரிந்திருந்தது. அந்தக் கட்டடத்துப் பக்கமே போகவேண்டாம் என்று தொழிற்சங்கத்தார் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டம். அவரை வரச் சொன்னது நான்.

"என்ரை பேரை அங்கை கூப்பிடுவாங்கள்," என்றேன். "அந்தப் பேருக்கு எழும்பாமல் இருக்கத்தான் நான் பழகினது. எழும்பமாட்டன், பக்காரி. எனக்குத் தெரியும். நீ பக்கத்திலை இரு."

"என்னையோ அங்கை கூப்பிடுறாய்?" என்று சிரித்தார். "கஃபேயும் தருவாங்களோ?"

ஆனால் வந்தார். மண்டபத்தில் எனக்கு இடப்பக்கத்தில் இருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். என் பெயர் வந்தது. நான் அசையவில்லை. கழுத்து இரும்பாகிவிட்டது. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். யன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் அடுத்த தாளை எடுப்பது தெரிந்தது. பக்காரி முழங்கையால் என் விலாவில் இடித்தார். நோவில் எழும்பிவிட்டேன். நின்றபின் நடக்கத்தான் வேண்டியிருந்தது.

தற்காலிக விசாத் தாளைத் தந்தார்கள். படம், முத்திரை, என் பெயர். மற்றவர்கள் முன்னாலே வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். நான் கடைசி. தாளை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, இரண்டு பொலிஸ்காரர் பக்காரியைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அழைப்புக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. தலையை உயர்த்தி என் பக்கம் பார்த்தார்.

அவருக்கும் எனக்கும் இடையில் நாலு அடி. என் பையில் அரசாங்கத்தின் முத்திரை. "இவர் என்னோடை வந்தவர், நான்தான் கூப்பிட்டனான்," என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு இருந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கதவு தானாகத் திறந்தது. வெளியே போனேன். பஸ் ஏறினேன்.

நாடு கடத்தப் பிடித்தவர்களை அடைக்கும் இடத்தில் அவரை வைத்தார்கள். தொழிற்சங்கமும் மற்றப் பத்துப் பேரும் ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னால் போய் நின்றார்கள். நான் போகவில்லை. சில கிழமைகளில் வெளியே விட்டார்கள். அதற்கு முன்பே நான் வேறு உணவகத்தில் வேலை எடுத்துவிட்டேன். அவர் கட்டட வேலைக்காரரிடம் போனார், விடுதிகளில் துப்புரவு செய்யும் பெண்களிடம் போனார், ஒவ்வொரு இடத்திலும் கட்டக் கொப்பியோடு பெயர் எழுதினார். அவருக்குச் சொந்த விசா கிடைக்கப் பின்னும் பல வருடம் எடுத்தது. இன்றைக்கு லா சப்பலில் எங்கள் பெடியன்கள் கொங்கோர்தான்ஸ் கடிதம் எடுத்து விசா வாங்குகிறார்கள். அந்தக் கடிதத்துக்காக யார் யார் தெருவில் இருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. தூரத்தில் அவருடைய உயரம் தெரிந்தால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவேன். பொலிஸுக்குப் பயந்ததைவிட அந்த முகத்துக்குப் பயந்தேன். வாசலில் என்னைப் பார்த்த அந்தப் பார்வை ஒருநாளும் என்னை விட்டுப் போகவில்லை.

செத்தவீட்டில் நீங்கள் இருவரும் முற்றத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் பக்காரியின் அண்ணனிடம் போனேன். வயதானவர், கண் பார்வை குறைவு. என் பெயரைச் சொன்னேன். பிரெவெக்தூர் வாசலில் பக்காரியை விட்டுவிட்டு வந்தவன் நான் என்றும் சொன்னேன். திட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அந்தத் தமிழன் நீயோ? உன்ரை கதையை எத்தினை தரம் சொல்லியிருக்கிறான்! நீ வெளியிலை போய்ச் சேருமட்டும் பொலிஸுக்கு அவன் வாய் திறக்கேல்லையாம். அண்டைக்கு அவனுக்கு ஒரே ஒரு பயம்தானாம். நீ திரும்பி வந்திடுவியோ எண்டு. வந்தால் உன்ரை தாளையும் பறிச்சுப்போடுவாங்கள் எண்டு."

நான் தலையாட்டினேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு ஒரு கணமும் வந்ததில்லை, பிள்ளைகளே. அதை அந்தப் பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.